இலையுதிர்காலத்து ஐஸ்பெட்டி

நான் படித்த தோட்டக் கதைகளில் காட்டுப்பன்றிக்கு ஒரே ஒரு வேலைதான். சாக வேண்டும். அப்பாவோ மாமாவோ வேல்கம்பு எடுத்துக்கொண்டு போவார், நாய்கள் வளைத்துக்கொள்ளும், பன்றி விழும், இரவு கள்ளுக்கடையில் அந்த வீரம் விரிவாகப் பேசப்படும். கதையும் அங்கேயே முடிந்துவிடும். அத்தனை கிலோ இறைச்சி அதற்குப் பிறகு எங்கே போனது? யார் அரிந்தார்கள்? எத்தனை வீட்டுக்குப் பங்கு போனது? எந்த மாதம் வரைக்கும் வந்தது? இதையெல்லாம் எழுதியவர்களும் கேட்டதில்லை, விமர்சித்தவர்களும் கேட்டதில்லை.

இப்போது புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. என் வயதுக்காரர்கள், என்னைவிட இளையவர்கள். தோட்டத்தில் ஒரு நாள்கூடத் தூங்கி எழுந்திருக்காதவர்கள். இவர்களுடைய கவிதையிலும் கட்டுரையிலும் பாட்டி கீரை பறிக்கிறாள், தாத்தா காளான் கொண்டு வருகிறார், ‘இயற்கையோடு இயைந்து’ ஒரு சமூகமே வாழ்ந்திருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டி ஏன் கீரை பறித்தாள் என்ற கேள்வி மட்டும் அதில் வருவதே இல்லை. பதில் மிகச் சாதாரணமானது. அன்று மழை. மழையில் மரம் வெட்ட முடியாது. மரம் வெட்டாவிட்டால் சம்பளம் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர்காலம் என்றதும் நம் இளம் கவிஞர்களுக்கு மேப்பிள் மரம் ஞாபகம் வந்துவிடுகிறது. சிவப்பு இலைகள், பனிமூட்டம், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மானைத் தேடிப் போகும் ஒரு தாடிக்காரர், நிலவறையில் குளிர்காலத்துக்காக அடுக்கி வைத்த ஜாடிகள். மொழிபெயர்ப்பு நாவல்களில் கிடைத்த இலையுதிர்காலம் இது. நமக்கென்று ஓர் இலையுதிர்காலம் இருந்தது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. பால் மரத்துக்கு வருடத்தில் ஒரு முறை இலை பழுக்கும். தைப்பூசத்தை ஒட்டி ஆரம்பித்து, பிப்ரவரி, மார்ச்சில் தோட்டம் முழுக்கச் செம்மஞ்சளாகி, அப்புறம் மொட்டையாக நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. எங்கள் வீட்டில் அதற்கு ‘எல கொட்டுற நேரம்’ என்று பெயர். அம்மா அந்த வார்த்தையைச் சொல்லும்போது அழகு எதுவும் தொனிக்காது. இலை கொட்டினால் பால் குறையும். பால் குறைந்தால் எடை குறையும். எடை குறைந்தால் மாதக் கடைசியில் கையில் வரும் பணம் குறையும். மளிகைக் கடைச் சீனருடைய நோட்டில் கடன் ஏறும்.

பஞ்சகாலம் வருடத்துக்கு இரண்டு. ஒன்று இலை கொட்டும் காலம். இன்னொன்று அக்டோபர், நவம்பர் அடைமழை. மேற்குக் கரைத் தோட்டங்களில் இந்த இரண்டு மாதமும் விடியற்காலையில் மழை பிடித்துக்கொள்ளும். பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரத்தில் வழிந்துபோகும். ‘இன்னைக்கு வேல இல்ல’ என்று மண்டோர் லயத்து வாசலில் சொல்லிவிட்டுப் போவார். அதே இரண்டு மாதத்தில்தான் தீபாவளியும் வரும். சட்டை துணி, முறுக்கு மாவு, எண்ணெய், பிள்ளைகளின் பட்டாசு, அதற்கப்புறம் ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவு. வருடத்திலேயே அதிகச் செலவு உள்ள மாதங்களில் வருமானம் மிகக் குறைவு. வேட்டைக்குப் போனதும் காளான் தேடிப் போனதும் இந்த இரண்டு பருவங்களில்தான். இயற்கையோடு இயைந்து வாழ அவர்கள் எடுத்த முடிவு அல்ல அது. துரை கொடுக்காத பாதிச் சம்பளத்தை ஆற்றோரத்திலும் காட்டோரத்திலும் தேடிப் பொறுக்கிக்கொண்டார்கள்.

என் குற்றச்சாட்டை நேராகவே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து வேட்டையும் கீரை பொறுக்கலும் கம்பெனிக்குக் கிடைத்த மானியம். தொழிலாளி தன் வயிற்றுப்பாட்டில் ஒரு பகுதியைத் தானே பார்த்துக்கொண்டதால்தான் அவ்வளவு குறைந்த கூலியில் அவ்வளவு காலம் தோட்டம் ஓடியது. 2013ஆம் ஆண்டு ஜனவரியில்தான் இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று நடைமுறைக்கு வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். அதற்குள் தீபகற்பத்துத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். கூலிக் கணக்கில் வராத அந்த உணவை எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதி வைக்கவில்லை. இலக்கியமாவது எழுதியிருக்கலாம். இலக்கியம் பன்றி விழுந்த இடத்திலேயே புள்ளி வைத்துவிட்டது.

அலாஸ்காவை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே செப்டம்பரில் கிராமத்து மக்கள் மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போகிறார்கள். அதற்கு முன்பே சால்மன் மீன் பிடித்து, காட்டுப்பழம் பறித்து எல்லாவற்றையும் பிரீசரில் நிரப்புகிறார்கள். பல கிராமங்களுக்குச் சாலையே கிடையாது, கடைச் சாமான் விமானத்திலும் படகிலும் வருகிறது, விலை தாங்காது. 1978இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தைத் தொடர்ந்து மாநில மீன்வள, வேட்டைத் துறையில் இதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார்கள். ஆட்கள் வீடு வீடாகப் போய் இந்த வருடம் என்ன பிடித்தீர்கள், எவ்வளவு, யாருக்குக் கொடுத்தீர்கள், யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். ஓர் ஆளுக்கு இத்தனை பவுண்டு என்று கணக்கு வருகிறது. 2022 செப்டம்பரில் மெர்போக் புயலின் மிச்சம் மேற்கு அலாஸ்கா கரையைத் தாக்கியபோது, வெள்ளத்திலும் மின்தடையிலும் பிரீசரில் இருந்த உணவு கெட்டதும் ஒரு பேரிழப்பாகப் பேசப்பட்டது. வீடு போனது, படகு போனது, பிரீசர் போனது என்று ஒரே வரிசையில் சொன்னார்கள். அங்கே எல்லாம் நியாயமாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை, அந்தச் சட்டத்தைச் சுற்றி அவர்களுக்குள் தீராத வழக்குகள் இருக்கின்றன. ஆனால் ஐஸ்பெட்டிக்குள் இருப்பதும் ஒரு குடும்பத்தின் சொத்துதான் என்று அங்கே ஓர் அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம் எழுத்தாளருக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஜெனரேட்டர் காலத்தில் லயத்துக்குச் சாயங்காலம் சில மணி நேரம்தான் மின்சாரம். அப்போதெல்லாம் இறைச்சி உப்புக்கண்டமாகத்தான் நின்றது. மஞ்சளும் உப்பும் தடவி, கயிற்றில் கோத்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காது என்பதால் புகைதான் கதி. இருபத்து நாலு மணி நேர மின்சாரம் வந்த பிறகு, அம்மா கூட்டு கட்டிய பணத்தில் ஐஸ்கிரீம் கடைக்காரர் கழித்துப்போட்ட ஒரு நீளப் பெட்டியை வாங்கினார். மூடி ஓரமெல்லாம் துரு. மேலே ஒரு அரிசி மூட்டையை வைத்தால்தான் சரியாக மூடும். அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அடியில் பன்றி, ஒரு சமையலுக்கு ஒரு பிளாஸ்டிக் பை என்று அளந்து கட்டியது. அதற்கு மேலே ஆற்றில் பிடித்த விரால், கெளுத்தி. பிளாந்தா டின்னில் வேகவைத்த மூங்கில் குருத்து. ஓரத்தில் அரைத்த மசாலா. தீபாவளிக்கு என்று ஒதுக்கிய பையில் சிவப்பு ரப்பர் பேண்டு போட்டிருக்கும். அதைத் தொட்டால் கை உடையும்.

வேட்டைக்குப் போனவர்கள் ஆறேழு பேர். சீனக் கிராமத்திலிருந்து உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர் ஒருவர் வருவார். நாய்கள் எங்களுடையவை. பன்றி விழுந்ததும் முனியாண்டிக்கு ஒரு சுருட்டும் கள்ளும் வைத்துவிட்டுக் கூறு போடுவார்கள். துப்பாக்கிக்குப் பாதி, நாய்க்காரருக்குத் தனிக் கூறு, மீதி ஆளுக்கு ஒன்று. இதுவரைக்கும் ஆண்கள் கதை. மதியம் மூன்று மணிக்குக் கூறு வீட்டுக்கு வந்த பிறகு இரவு பதினொரு மணி வரை நடந்தது அம்மாவும் பாட்டியும் பக்கத்து வீட்டு அத்தையும் செய்த வேலை. வாட்டிய தோலைச் சுரண்டுவது, கொழுப்பைத் தனியாக எடுத்து உருக்குவது, எலும்பைச் சூப்புக்குப் பிரிப்பது, குடலை உப்புப் போட்டுக் கழுவிக் கழுவி நாற்றம் போகும்வரை தேய்ப்பது. மறுநாள் மழை இல்லையென்றால் விடிகாலை அஞ்சு மணிக்குத் திரும்ப மரம் வெட்டப் போக வேண்டும். ஆண் வேட்டையாடிக் கொண்டுவந்தான், பெண் சமைத்தாள் என்று ஒரே வரியில் கடந்துபோகிற கதாசிரியரை ஒரே ஒரு முறை அந்தக் குடலைக் கழுவச் சொல்ல வேண்டும்.

வீடு வீடாகப் பங்கு அனுப்புவதும் அவர்கள் கையில்தான் இருந்தது. புருஷன் செத்த வீடு, பிள்ளை பெற்ற வீடு, குடிகாரன் வீடு என்று பார்த்துப் பார்த்துத் தட்டு போகும். திரும்பி வரும் தட்டு காலியாக வராது, ஒரு பிடி கருவேப்பிலையாவது இருக்கும். வேட்டைக் கூறு ஆண்களின் கணக்கு. இந்தத் தட்டுக் கணக்கு வேறு. எந்த நாவலாசிரியருக்கும் கனிந்து விழக் காத்திருந்த விஷயம் இது. எடுக்க ஆளில்லை.

கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஹாண்டிங் தி டைகர்’ கதையில் முத்து புலியைத் தேடிப் போகிறான். அங்கே வேட்டை என்பது, வந்தேறி ஒருவன் இந்த மண்ணுக்கு உரியவன் ஆக முடியுமா என்ற கேள்வி. பெரிய கேள்விதான், பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த நம்மவர்கள் எல்லாருமே வேட்டையை உருவகமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். புலி என்றால் அடையாளம், காடு என்றால் தேசம், துப்பாக்கி என்றால் ஆண்மை. பன்றி என்றால் கறி என்று எழுத ஒருத்தருக்கும் கூச்சம் தெளியவில்லை.

கூச்சம் என்று சொன்னது தெரிந்துதான். பன்றி தின்றதை மறைக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. சாதி அதில் பாதி. சைவம்தான் தமிழன் உணவு என்று பிரசங்கம் செய்த சீர்திருத்தக்காரர்கள் கொஞ்சம். அக்கம்பக்கத்து மலாய்க்காரர் மனம் கோணக் கூடாது என்ற அச்சமும் மரியாதையும் மீதி. ஒரு முறை தோட்டத்து நினைவுகளைத் தொகுத்த ஒருவர் என்னிடம் கட்டுரை கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கோயில், பள்ளி, கூத்து எல்லாம் அச்சில் வந்தது. பன்றி கூறு போட்ட பத்தி மட்டும் இல்லை. ‘படிக்கிறவங்க தப்பா நெனச்சுக்குவாங்க, வேணாம்மா’ என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அம்மாவின் பத்து வருட உழைப்பு அந்தப் பத்தியில்தான் இருந்தது.

இனி கீரைக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

கீரை பறிப்பதை ஏதோ பாட்டி வைத்தியம்போல எழுதுகிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் கீரை பறிப்பது வேறு மாதிரி அறிவு. எங்கள் தோட்டத்தில் பால் மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது, மரம் வெட்டிய பெண்களில் பலர் மருந்து அடிக்கும் வேலைக்குப் போனார்கள். முதுகில் பம்பு. வெயிலில் முகமூடியெல்லாம் போட முடியாது என்று கழற்றிவிடுவார்கள். அடித்தது பாராகுவாட். நகம் பெயரும், மூக்கில் ரத்தம் வரும். 2002இல் தெனாகானிதா இந்தப் பெண்களிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே வருடம் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. நடுவில் பதினேழு வருடம்.

அந்தப் பதினேழு வருடமும் அதே பெண்கள்தான் அதே மண்ணில் கீரையும் பறித்தார்கள். திங்கட்கிழமை எந்த நிரையில் மருந்து அடித்தோம் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை எந்த நிரைக்குப் போகக் கூடாது என்றும் தெரியும். ‘அங்கன கை வெக்காத, மூணு மழ போவட்டும்’ என்பார். ஆற்றோரத்துப் பாக்கு கீரைகூட, மேட்டில் மருந்து அடித்திருந்தால் அந்த வாரம் கிடையாது. புற்றுக் காளானில் எது நல்லது எது கெட்டது என்பது பாட்டி சொல்லிக் கொடுத்தது. எந்தப் புற்றின் மேல் பம்புத் தண்ணீர் பட்டது என்பது அம்மா தானே கண்டுபிடித்தது. மருந்து அட்டவணையும் மழைக் கணக்கும் கலந்த இந்த அறிவுக்கு ‘பாரம்பரியம்’ என்று பெயர் வைக்கிறீர்கள். மூணு மழை போதுமா என்பது அம்மாவுக்கும் தெரியாது. வேறு வழி இருக்கவில்லை என்பதால் மூணு மழை என்று வைத்துக்கொண்டார். இந்தப் பயம் இல்லாமல் எழுதப்படுகிற எந்தக் கீரைக் கவிதையையும் என்னால் இனி படிக்க முடியாது.

பாட்டியின் பங்கு இன்னும் பின்னால் போகிறது. ஜப்பான்காரன் காலத்தில், 1942க்கும் 1945க்கும் நடுவில், அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிழைத்த தலைமுறை அவர். ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனபோது லயத்தில் மிஞ்சிய பெண்கள் எதைத் தின்னலாம் எதைத் தின்னக் கூடாது என்று தின்று பார்த்தே கற்றுக்கொண்டார்கள். ரப்பர் கொட்டையைப் பச்சையாகத் தின்னக் கூடாது, அவித்து ஊறவைத்துத் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று பாட்டி சொல்வார். சயாம் மரண ரயிலை நாம் எழுதிவிட்டோம், நல்லது. அந்த நாட்களில் லயத்தில் எரிந்த அடுப்பை எழுதவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் வேட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது தவறு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி வேட்டைக்கும் உரிமம் வேண்டும், சுருக்கு வைப்பது குற்றம். குற்றமாகத்தான் இருக்க வேண்டும். பன்றிக்கு வைத்த சுருக்குக்கு எதன் கால் என்று பார்க்கத் தெரியாது. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் தீபகற்பத்துக் காடுகளில் புலி 150க்கும் குறைவு என்று தெரிந்தது. அந்தப் புலிக்கும் பன்றிதான் சாப்பாடு. 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவில் நுழைந்து காட்டுப்பன்றிகளைக் கொன்று குவித்தது, அந்த வருடக் கடைசிக்குள் தீபகற்பத்துக்கும் வந்தது. இந்த நிலைமையில் பொழுதுபோக்குக்குத் துப்பாக்கி தூக்குகிறவரையும், ‘தோட்டத்து ஸ்டைல்’ என்று பலகை மாட்டிப் பன்றி வறுவல் விற்கிற கடையையும் பார்த்தால் எனக்கு மரியாதை வருவதில்லை. பசிக்காக வேட்டைக்குப் போனவனுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.

அதே சட்டம் ஒராங் அஸ்லி மக்களுக்கு மட்டும், விற்காமல் சொந்தச் சாப்பாட்டுக்காக, சில விலங்குகளை வேட்டையாட அனுமதிக்கிறது. தோட்டத் தமிழனுக்கு அது கிடையாது. கிடையாது என்பதும் சரிதான், அது அவர்கள் காடு. எங்கள் ஆட்கள் போன தடங்களில் பாதி அவர்கள் நடந்து போட்டவை. எந்தக் கொடியில் தண்ணீர் குடிக்கலாம் என்று காட்டியதும் அவர்கள்தான். நம் வேட்டைக் கதைகளில் அவர்களுக்குப் பெயர்கூட இருப்பதில்லை, ‘சக்காய்’ என்ற வசைச்சொல்லோடு ஓரமாக நிற்பார்கள். தோட்டத்துக்காரன் தனக்கு நடந்ததைச் சொல்லி அழும்போது தான் செய்ததையும் சேர்த்து எழுத வேண்டும். இதை எழுத எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை, அப்பாமார் சொன்ன கதையைத் திரும்ப ஒரு முறை கவனமாகக் கேட்டாலே போதும்.

நேரம் அதிகம் இல்லை. மருந்து அடித்த அந்தப் பெண்களுக்கு இப்போது எழுபது, எழுபத்தைந்து வயது. பலர் இல்லை. இருப்பவர்கள் தாமானிலும் மலிவுவிலை அடுக்குமாடியிலும் மகன் வீட்டில் இருக்கிறார்கள், வடிகால் ஓரத்தில் முளைத்த கீரையைப் பறித்தால் மருமகள் திட்டுகிறாள் என்று ஒளித்துப் பறிக்கிறார்கள். இவர்களிடம் போய் ‘பாட்டி, பழைய காலம் எப்படி இருந்துச்சு’ என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள், ‘அப்பல்லாம் நல்லா இருந்துச்சு’. அப்படிக் கேட்காதீர்கள். இலை கொட்டும் மாதத்தில் கடை நோட்டில் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். கூறு எப்படிப் போட்டார்கள், உங்களுக்கு வந்த கூறு நியாயமாக இருந்ததா, யாருக்குத் தட்டு அனுப்பவில்லை, ஏன் என்று கேளுங்கள். எந்தச் சாதிக்காரர் வீட்டுத் தட்டை யார் வாங்கவில்லை என்றும் கேட்டுவிடுங்கள், அப்போது பேச்சு சூடு பிடிக்கும்.

தோட்டத்தை மூடியபோது எங்களுக்குக் கிடைத்த அடுக்குமாடி வீடு நாலாவது மாடியில். லிப்ட் வேலை செய்யாது. நீளப் பெட்டி படிக்கட்டு வளைவில் திரும்பவில்லை. கீழே மீன் விற்க வருகிறவர் நூற்றிருபது வெள்ளிக்குக் கேட்டார், அம்மா நூற்றைம்பதில் நின்றார், கடைசியில் நூற்று முப்பதுக்குப் போனது. அதற்குள் மிச்சம் இருந்த பதினோரு பைகளையும் அன்று ராத்திரியே சமைத்து, மூன்று மாடிக்கும் தட்டு அனுப்பினார். இரண்டாவது மாடியில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் தட்டு திரும்பி வந்தது, ஒரு பிடி கருவேப்பிலையோடு.